அந்தத் தொகை எந்த ஆண்டுக்குரியது?

மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் 555 நோட்டுப் புத்தகத்தை மலேசியாவில் பார்க்காதவர்கள் குறைவு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்தச் சின்னஞ்சிறு நோட்டில் அரிசிக்கு இவ்வளவு, பால் டின்னுக்கு இவ்வளவு என்று கடன் ஏறிக்கொண்டே போகும். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் ஆள் வருவார், பணத்தைக் கொடுப்பார், கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை.

அந்தக் குறுக்குக் கோடு மாதக் கடனுக்குப் போதும். ஆண்டுக் கட்டணம் வாங்கும் தொழிலுக்குப் போதுமா?

கிள்ளான் வட்டாரத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் ஓர் ஏர்கோன் பராமரிப்புக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். நூற்றைம்பது வாடிக்கையாளர்கள். வீடுகள், உணவகங்கள், கிளினிக்குகள், பாலர் பள்ளிகள். ஒவ்வொருவருக்கும் ஆண்டு ஒப்பந்தம். சிலர் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டுவார்கள். சிலர் பாதி கட்டிவிட்டு, 'மீதியை அடுத்த சர்வீஸுக்கு வரும்போது தருகிறேன்' என்பார்கள். கணக்கு முழுவதும் கணவர் கையில். அவர் கணினியில் எக்ஸல் கோப்பு ஒன்று வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு தாள். பணம் கட்டியவர்களுக்குப் பச்சை, கட்டாதவர்களுக்குச் சிவப்பு, பாதி கட்டியவர்களுக்கு மஞ்சள். ஆரஞ்சு நிறமும் அங்கங்கே உண்டு. அது எதற்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

2024 ஜூன் மாதம் அவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுகிறார். பேச்சு தெளிவாக இல்லை. கடையை மூட முடியாது. இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வேனுக்குத் தவணை கட்ட வேண்டும். மனைவி கணினி முன் உட்காருகிறார். 2023-ஆம் ஆண்டுத் தாளில் ஒரு பாலர் பள்ளியின் பெயர் இன்னமும் மஞ்சளில் இருக்கிறது. 300 வெள்ளி பாக்கி. அவர் தொலைபேசியை எடுக்கிறார்.

"தங்கச்சி, அண்ணன்கிட்ட பிப்ரவரியிலேயே மொத்தமா அனுப்பிட்டேனே. அவர்கிட்ட கேட்டுப் பாருங்க."

கேட்கக்கூடிய நிலையில் அவர் இல்லை. அந்த அம்மையாரோ பொய் சொல்லவில்லை. 2024 பிப்ரவரி 6-ஆம் தேதி வங்கிக் கணக்குக்கு 900 வெள்ளி வந்திருக்கிறது. கணவர் அதை 2024-ஆம் ஆண்டுத் தாளில் எழுதிப் பச்சை நிறம் பூசிவிட்டார். அதில் 300 வெள்ளி முந்திய ஆண்டுப் பாக்கி என்பது அவர் மனத்தில் இருந்தது, தாளில் இல்லை. கட்டிய பணத்தையே மறுபடி கேட்டால் யாருக்குத்தான் மனம் நோகாது? மறு ஆண்டு அந்தப் பள்ளி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் யாரைக் குறை சொல்வது?

இது கற்பனைக் கடைதான். ஆனால் இதே நிலையில் இருக்கும் கடைகள் எத்தனை என்பது தொழில் செய்பவர்களுக்குத் தெரியும்.

ஆண்டைத் தலைப்பாக்கினால் வரும் வினை

ஆண்டுக்கு ஒரு தாள் போடுவதும், ஒரே தாளில் 2022, 2023, 2024 என்று ஆண்டுக்கு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டே போவதும் அடிப்படையில் ஒரே தவறுதான். ஆண்டு என்பது ஒரு தகவல். தகவலைக் கட்டத்துக்குள் எழுத வேண்டும். அதையே கட்டத்தின் தலைப்பாக்கிவிடக் கூடாது. தலைப்பாக்கிவிட்டால், "இந்த வாடிக்கையாளர் ஐந்து ஆண்டுகளில் மொத்தம் எவ்வளவு கட்டியிருக்கிறார்?" என்ற எளிய கேள்விக்குக்கூட ஐந்து தாள்களைத் திறந்து கையால் கூட்ட வேண்டியதாகிறது. 900 வெள்ளி போல இரண்டு ஆண்டுகளைத் தொட்டுக்கொண்டு வரும் தொகைக்கு அங்கே இடமே கிடையாது. ஏதாவது ஒரு கட்டத்தில் திணித்துவிட்டு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தின் கதையும் இப்படித்தான். கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் மஞ்சள் கட்டம், எவ்வளவு பாக்கி, எப்போது பாதி வந்தது, யார் வாங்கினார் என்று எதையும் சொல்லாது.

எக்ஸலைக் குறை சொல்வது நோக்கமல்ல. கூட்டல் கழித்தலுக்கு அது நல்ல கருவி. ஆனால் கொடுத்த தகவல் முழுவதும் உள்ளே வந்து சேர்ந்ததா என்று அது காவல் காக்காது. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கோவிட் பரிசோதனை முடிவுகளை எக்ஸலின் பழைய வகைக் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான 15,841 தொற்றுச் சம்பவங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டுப் போயின. ஏர்கோன் கடைக்கு அத்தனை வரிகள் வரப்போவதில்லைதான். ஆனாலும் ஓர் அரசாங்க அமைப்பே ஒரு வாரம் கவனிக்காமல் இருந்துவிட்டதே!

மூன்று பட்டியல்கள்

அப்படியானால் கணக்கை எப்படி அமைப்பது? 1970-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர், தகவல்களைத் தனித்தனிப் பட்டியல்களாக வைத்து, பொதுவான ஓர் எண்ணால் அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை வெளியிட்டார். இன்று வங்கி முதல் விமான நிறுவனம் வரை பயன்படுத்தும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த அடித்தளத்தில் எழுந்தவை. சிறு கடைகளுக்கு மைக்ரோசாப்ட் அக்செஸ் போதும். காசு கொடுக்க விருப்பமில்லை என்றால் லிப்ரே ஆபிஸ் பேஸ் இலவசமாகவே கிடைக்கிறது. எந்தக் கருவி என்பதைவிட, எத்தனை பட்டியல், எதில் எது என்பதே முக்கியம்.

முதல் பட்டியல் வாடிக்கையாளர்களுடையது. பெயர், முகவரி, தொலைபேசி எண். ஒருவருக்கு ஒரு வரி. பணத்தைப் பற்றி இங்கே ஒரு சொல்கூட வேண்டாம்.

இரண்டாவது, வரவேண்டிய தொகைகளின் பட்டியல். எந்த வாடிக்கையாளர், எந்தக் காலத்துக்கு, எவ்வளவு. ஆண்டை 2023 என்று எழுதுவதைவிட, ஒப்பந்தம் தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் எழுதுவது நல்லது. எல்லாரும் ஜனவரியில்தான் தொடங்குவார்கள் என்பதில்லையே. செப்டம்பரில் புது வீடு மாறியவரின் ஒப்பந்தம் மறு ஆண்டு ஆகஸ்ட்டில்தான் முடியும்.

மூன்றாவது, வந்த பணத்தின் பட்டியல். எந்த நாள், யாரிடமிருந்து, எவ்வளவு, ரொக்கமா காசோலையா இணையவழியா, ரசீது எண் என்ன. பணம் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு புது வரி. பாதி கட்டினாலும் ஒரு வரி, கால்வாசி கட்டினாலும் ஒரு வரி.

இது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துத் தொழில் செய்த நகரத்தார்கள், அன்றாட வரவு செலவை நாள் வரிசையில் ஓர் ஏட்டிலும், ஆள் வாரியாகப் பேரேட்டிலும் எழுதினார்கள். நாள் வரிசை ஏட்டைப் பார்த்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும். பேரேட்டைப் புரட்டினால் இன்னாருக்கும் நமக்கும் என்ன கணக்கு என்று தெரியும். தரவுத்தளம் செய்வதும் அதே வேலைதான். ஒருமுறை எழுதினால் போதும், பேரேட்டை அதுவே தயாரித்துக் கொடுத்துவிடும் என்பதுதான் வேறுபாடு.

அந்த 900 வெள்ளி

இப்போது பாலர் பள்ளியின் கணக்குக்கு வருவோம். 2023-க்கு 600 வெள்ளி, 2024-க்கு 600 வெள்ளி என்று இரண்டாவது பட்டியலில் இரண்டு வரிகள். 2023 மார்ச் 14-இல் 300 வெள்ளி, 2024 பிப்ரவரி 6-இல் 900 வெள்ளி என்று மூன்றாவது பட்டியலில் இரண்டு வரிகள். வரவேண்டியது 1,200. வந்தது 1,200. பாக்கி இல்லை. தொலைபேசியை எடுக்கவே தேவையில்லை.

ஆனால் 2023-க்கு எவ்வளவு, 2024-க்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டுமானால் இன்னொரு சிறிய பட்டியல் தேவைப்படும். அதில் ஒவ்வொரு வரியும், 'இந்தப் பணத்திலிருந்து இவ்வளவு, அந்தக் கடனுக்கு' என்று சொல்லும். 900 வெள்ளிக்கு அங்கே இரண்டு வரிகள்: 300 வெள்ளி 2023-க்கு, 600 வெள்ளி 2024-க்கு. கொஞ்சம் கூடுதல் வேலைதான். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய், 'யார் இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பது?' என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு சிக்கல் வருவதும் இந்த இடத்தில்தான்.

ஏனென்றால் வந்த பணத்தை எந்தக் கடனில் கழிப்பது என்பது கடைக்காரரின் விருப்பம் மட்டுமல்ல. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு ஒரு வரிசை வகுத்திருக்கிறது. பணம் கட்டுபவர் 'இது இந்தக் கடனுக்கு' என்று சொல்லிக் கொடுத்தால், அதை ஏற்றுக்கொண்டவர் அந்தக் கடனில்தான் கழிக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லவில்லை, சூழ்நிலையும் எதையும் காட்டவில்லை என்றால், வாங்கியவர் தம் விருப்பப்படி கழித்துக்கொள்ளலாம். இருவருமே எதுவும் செய்யவில்லை என்றால் பழைய கடன் முதலில் தீரும். ஆகவே, இணையவழிப் பணமாற்றில் வாடிக்கையாளர் குறிப்புப் பகுதியில் எழுதிய 'ஏர்கோன் 2024' என்ற சொற்களையும் அப்படியே பதிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

நாளும் முக்கியம். தீபகற்ப மலேசியாவில் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி, ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க ஆறு ஆண்டுகள்தான் அவகாசம். ஆனால் கடன்பட்டவர் இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ அந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். 50 வெள்ளிதானே என்று நாள் எழுதாமல் விட்ட ஒரு சிறு தொகை, பிற்பாடு பல ஆயிரம் வெள்ளிக் கடனைக் காப்பாற்றும் சாட்சியாக இருந்திருக்கலாம்.

வரிக் கணக்கிலும் இதே பிரிவினை உதவும். 2024-இல் கைக்கு வந்த பணம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி; 2024-க்குரிய வருமானம் எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. பாலர் பள்ளியைப் பொறுத்தவரை முதல் கேள்விக்குப் பதில் 900, இரண்டாவதற்கு 600. தொழில் வருமானத்தைப் பொதுவாகப் பணம் கைக்கு வந்த நாளை வைத்து அல்ல, அது வரவேண்டியதான காலத்தை வைத்தே வரிக்குக் கணக்கிடுகிறார்கள். வராமலே போன கடனைக் கழித்துக் காட்ட வேண்டுமானால், அதை வசூலிக்க முயன்றதற்கும் இனி வராது என்பதற்கும் ஆதாரம் வேண்டும். எந்த நாளில் நினைவூட்டல் கடிதம் அனுப்பினோம் என்று ஒரு கட்டம் சேர்த்துவைத்தால் அதுவும் ஆதாரமாகும்.

புத்தாண்டு பிறக்கும்போது

ஜனவரி மாதம் நூற்றைம்பது வரிகளையும் கையால் தட்டச்சு செய்யத் தேவையில்லை. தொடர்ந்து வரும் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் புது ஆண்டுக்குரிய வரியை ஒரே கட்டளையில் சேர்க்கலாம். ஆபத்தும் அங்கேதான். காலையில் மனைவி ஒருமுறை அழுத்துகிறார். மாலையில் கடைப் பையன், 'அக்கா மறந்திருப்பார்' என்று இன்னொரு முறை அழுத்துகிறான். எல்லாருக்கும் இரட்டைக் கடன்! இதைத் தடுக்க, வாடிக்கையாளர் எண்ணும் ஒப்பந்தத் தொடக்க நாளும் சேர்ந்து ஒருமுறைக்கு மேல் வரக்கூடாது என்று தரவுத்தளத்துக்கே கட்டுப்பாடு விதித்துவிடலாம். அதன்பின் யார் எத்தனை முறை அழுத்தினாலும் இரண்டாவது வரியை அது ஏற்காது. எக்ஸல் தாளில் இப்படி ஒரு பூட்டு இயல்பாக அமைவதில்லை.

விலையை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலில் 'ஆண்டுக் கட்டணம் 600' என்று எழுதிவிட்டு, பழைய பாக்கிகளையும் அதை வைத்தே கணக்கிடுபவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அதை 650 என்று மாற்றினால் பழைய ஆண்டுகளும் சேர்ந்து மாறிவிடும். அன்றைய விலை அன்றைய வரியிலேயே நிற்க வேண்டும். வரி விகிதமும் அப்படியே. மலேசியாவில் 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டு பொருள் சேவை வரி வந்தது; 2018 ஜூன் 1-இல் அது பூஜ்யமானது; அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரிகள் திரும்பின; 2024 மார்ச் 1-இல் சேவை வரி பெரும்பாலான சேவைகளுக்கு 6-இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. வரிக்குப் பதிந்துகொண்ட ஒரு நிறுவனம், விகிதத்தை ஒரே இடத்தில் வைத்து மாற்றிக்கொண்டே வந்திருந்தால், அதன் பழைய விலைப்பட்டியல்களில் ஒன்றுகூட இன்று சரியான தொகையைக் காட்டாது.

சில்லறைக் காசு விவகாரம் தனி. 2008 ஏப்ரல் 1 முதல், ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை மிக அருகிலுள்ள ஐந்து காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 583 வெள்ளி 42 காசுக்கு ரொக்கம் 583 வெள்ளி 40 காசு. அந்த இரண்டு காசு 'பாக்கி' என்று கணினியில் நின்றுவிட்டால், முழுப் பணமும் கட்டிய ஆளின் பெயர் கடன்காரர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். 'சரிக்கட்டு' என்று ஒரு வரி போட்டு அதை மூடிவிட வேண்டும். தொகை எழுதும் கட்டத்துக்குக் 'கரன்சி' என்ற வகையைத் தேர்ந்தெடுப்பதும் அவசியம். சாதாரண தசம எண் வகையில் கணினிக்கு 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் எங்கோ ஒரு துளி ஒட்டிக்கொண்டிருக்கும்.

தேதியில் இன்னொரு கண்ணி உண்டு. நமக்கு 03/04/2024 என்றால் ஏப்ரல் 3. அக்செஸ் கட்டளை வரியில் அதையே எழுதினால், அமெரிக்க முறைப்படி மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் இந்தக் குழப்பம் எழாது.

இரண்டு முருகன்கள்

பெயரை வைத்துக் கணக்கைத் தேடக் கூடாது. ஒரே தாமானில் இரண்டு முருகன்கள் இருப்பார்கள். சுப்பிரமணியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுவார்கள். ஐந்தும் கணினிக்கு ஐந்து ஆட்கள். சரி, அடையாள அட்டை எண்ணை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதுவும் வேண்டாம். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கங்களே பிறந்த தேதி. அதை ஒவ்வொரு ரசீதிலும் அச்சடித்துக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் கெடுதல். கடையே 1, 2, 3 என்று ஒரு தொடர் எண் கொடுத்துக்கொள்ளட்டும். அந்த எண்ணில் ஆண்டையோ ஊரையோ சேர்க்க வேண்டாம்; ஆள் ஊர் மாறினாலும் எண் மாறக் கூடாது.

வாடிக்கையாளர் விலகிப் போனால் அவரை அழித்துவிடலாமா? கூடாது. அவருடைய பழைய பணம் யார் பெயரிலும் இல்லாமல் அந்தரத்தில் தொங்கும். 'இப்போது இல்லை' என்று குறித்தால் போதும். தவறாக எழுதிய தொகையையும் அழிக்காமல், அதே தொகையைக் கழித்து இன்னொரு வரி எழுதுவதே கணக்கர்களின் வழக்கம். தவறும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும்.

எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பது? வருமான வரிச் சட்டம் தொழில் பதிவுகளையும் ரசீதுகளையும் ஏழு ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. மறுபக்கம், 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை முடிந்த பிறகும் ஒருவரின் சொந்த விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. இரண்டும் மோதுவது போல் தெரிந்தாலும், பட்டியல்கள் தனித்தனியாக இருப்பதால் வழி எளிது. காலம் முடிந்ததும் விலகிப்போனவரின் தொலைபேசி எண், முகவரி ஆகியவற்றை மட்டும் நீக்கிவிட்டு, தொகை வரிகளை விட்டுவைக்கலாம். கோப்பின் நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதைக் கிள்ளான் மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த கணினிகளைத் தெருவில் குவித்து வைத்திருந்ததைச் சிலாங்கூரே பார்த்தது. நகல் எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் திறந்தும் பார்க்க வேண்டும்.

பழைய எக்ஸல் தாள்களை மாற்றும் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பத்து ஆண்டுத் தாள்களையும் ஒரே மூச்சில் ஏற்ற முயன்றவர்கள் பாதியில் கைவிடுகிறார்கள். நடப்பு ஆண்டையும் முந்திய ஆண்டையும் மட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டு ஏற்றுவது நல்லது. அதற்கு முந்தியவர்களுக்கு 'தொடக்கப் பாக்கி' என்று ஒரே ஒரு வரி. வங்கி அறிக்கையில் இருந்தும் யாருடையது என்று தெரியாத பணம் நிச்சயம் கொஞ்சம் மிஞ்சும். அதை யார் தலையிலும் கட்டாமல் 'ஆள் தெரியாதது' என்று ஒரு கணக்கில் வைத்தால், என்றாவது ஒருநாள் உரியவரே ரசீதோடு வருவார்.

அந்த ஏர்கோன் கடையில் மனைவிக்கு இந்த வேலை மூன்று மாதம் எடுக்கும். இரவில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. நிறங்களின் அர்த்தத்தைக் கணவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் தலையசைத்துச் சொல்வார். ஆரஞ்சு நிறத்தின் இரகசியம் கடைசியில்தான் வெளிவரும். கையில் காசில்லாத மூன்று குடும்பங்கள். அவர்களிடம் பணம் கேட்க வேண்டாம் என்று அவர் வைத்திருந்த அடையாளம் அது. வாடிக்கையாளர் பட்டியலில் அதற்கும் ஒரு கட்டம் சேர்க்கிறார் அவர்.